காதிரைச்சலும் நினைவாற்றல் மாத்திரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். சிலருக்குச் சில்வண்டு போல, சிலருக்குக் குக்கரில் ஆவி பிடிப்பது போல, சிலருக்கு டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவது போல. வெளியே எதுவும் ஒலிப்பதில்லை, உள்ளே மட்டும் ஓய்வதில்லை. பழகிப்போயிருந்த இந்த இரைச்சல் கூடத் தொடங்கும்போதுதான் பலர் ஜிங்கோ, பிராசிட்டம், பிரமி என்று நினைவாற்றல் மாத்திரைகளைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே.

நூட்ரோபிக் என்றால் என்ன? மூளைக்கான மாத்திரைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

1964-ல் பெல்ஜியத்தின் யூ.சி.பி. நிறுவனத்தில் கொர்னேலியு ஜுர்ஜியாவின் குழு பிராசிட்டம் என்ற மருந்தைத் தயாரித்தது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று யோசித்தவர், 1972-ல் 'நூட்ரோபிக்' என்ற சொல்லை உருவாக்கினார். நினைவாற்றலையும் கவனத்தையும் கூட்டும், உடலுக்குக் கெடுதல் செய்யாது என்பது அவர் வைத்த இலக்கணம். இன்று அந்தப் பெயரில் மருந்துச் சீட்டு தேவைப்படும் மாத்திரை, மூலிகைச் சாறு, வைட்டமின், காளான் பொடி என எல்லாம் விற்கிறது.

காதோடு சம்பந்தம் இப்படி வருகிறது. உள்காதில் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. வயது, இரைச்சல், சில மருந்துகள் இவற்றைக் கொன்றால் திரும்ப முளைப்பதில்லை. அந்தப் பகுதியிலிருந்து மூளைக்கு வரும் தகவல் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைத் தானே ஏற்றிக்கொள்கிறது. ஸ்டேஷன் சரியாக எடுக்காத ரேடியோவின் ஒலியைக் கூட்டினால் 'உஸ்' சத்தமும் சேர்ந்து கூடுமே, அதுபோல. 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் செவித்திறன் நன்றாக இருந்த 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். அதாவது இந்த 'உஸ்' எல்லோருக்குள்ளும் இருக்கிறது. யாருக்கு அது முன்னால் வந்து நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

தொடங்குவது காதில் என்றாலும் தொடர்வது மூளையில் என்பதால், மூளைக்கான மாத்திரை இதைத் தணிக்கலாம் என்ற எண்ணம் அபத்தமானது அல்ல. சோதித்துப் பார்த்தபோது என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: குறையுமா?

இரைச்சலின் அளவைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்ட நூட்ரோபிக் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடர்ந்து தொந்தரவு தரும் காதிரைச்சலுக்கு ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் உள்ளிட்ட எந்தத் துணை மாத்திரையையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. காதிரைச்சலுக்கென்று எந்த மருந்துக்கும் இதுவரை ஒப்புதல் தந்ததில்லை. உடம்பில் உண்மையான குறைபாடு இருந்து அதைச் சரிசெய்யும்போது (பி12 முக்கிய உதாரணம்) சிலருக்குப் பலன் உண்டு. தூக்கமோ பதற்றமோ சீரானால் இரைச்சல் அப்படியே இருந்தும் அதன் கொடுமை குறையும். மாத்திரையிடம் எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான்.

சில மாதங்களாக இரைச்சல் கூடிக்கொண்டே போகிறது. எந்த மாத்திரையில் தொடங்கலாம்?

மாத்திரையில் தொடங்க வேண்டாம். கூடுகிறது என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஜிங்கோ வாங்கினால் மூன்று மாதமும் சில ஆயிரம் ரூபாயும் போகும். சரிசெய்யக்கூடிய காரணம் அதற்குள் முற்றிவிடலாம்.

முதலில் காதுக் குறும்பி. செவிப்பறைமேல் குறும்பி அடைத்தாலே இரைச்சல் கூடும். பட்ஸ் போட்டுக் குடைபவர்களுக்கு இது உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டியாகிறது. மருத்துவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காது சீழ் பிடிக்கும்.

அடுத்தது செவித்திறன் பரிசோதனை. 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கும் ஆடியோகிராம் கட்டாயம். பழைய ஆடியோகிராம் இருந்தால் தேடி எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் செவித்திறன் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். இரைச்சல் கூடியதாகத் தோன்றும் பலருக்கு உண்மையில் கேட்கும் திறன் இறங்கியிருக்கும். வெளிச்சத்தம் குறையக் குறைய உள்சத்தம் எடுப்பாகத் தெரிகிறது.

மூன்றாவது, கடந்த ஆறு மாதத்தில் புதிதாகச் சேர்ந்த மருந்துகள். அதிக அளவு ஆஸ்பிரின், மற்ற வலி மாத்திரைகள், ஃபுரோஸ்மைட் போன்ற சிறுநீர் பெருக்கிகள், ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள், குயினின், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. இதயத்துக்காகத் தரும் 75 மி.கி. ஆஸ்பிரின் பொதுவாக இந்த அளவுக்கு வராது. அதை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. தூக்க மாத்திரையையோ பதற்ற மாத்திரையையோ சட்டென்று விட்டாலும் இரைச்சல் எகிறும்.

பிறகு ரத்தப் பரிசோதனை: ரத்த அணுக்கள், பி12, தைராய்டு, சர்க்கரை. கூடவே ரத்த அழுத்தம். பி12 அளவைப் பார்ப்பதற்கு முன்பே மல்டிவைட்டமின் மாத்திரையைத் தொடங்கிவிட்டால், குறைபாடு இருந்ததா என்று பின்னால் சொல்லவே முடியாது. முடி வளர்ச்சிக்கென்று விற்கும் அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவைப் பொய்யாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

தாடையையும் கழுத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பல்லை இறுகக் கடித்தால், தாடையை முன்னே தள்ளினால், கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால் இரைச்சலின் சுருதியோ அளவோ மாறுகிறதா? மாறினால் தாடை மூட்டு, கழுத்துத் தசைகளின் பங்கு அதில் இருக்கிறது. பல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் உதவக்கூடிய இடம் இது.

காத்திருக்காமல் உடனே போக வேண்டிய நிலை எது?

ஒரு காதில் திடீரென்று கேட்காமல் போய்விட்டால் அன்றே போங்கள். மூன்று நாளுக்குள் இறங்கும் திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதில்தான் அதன் பலன் இருக்கிறது. "சளிக் கோளாறு, சரியாகிவிடும்" என்று ஒரு மாதம் கழிப்பவர்கள் திரும்பப் பெற முடியாததை இழக்கிறார்கள்.

நாடித்துடிப்போடு சேர்ந்து 'டுப் டுப்' என்று ஒலிக்கும் இரைச்சல், ஒரு காதில் மட்டும் வரும் இரைச்சல், தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது, தலையில் அடிபட்ட பின் தொடங்கிய இரைச்சல் ஆகியவையும் மாத்திரையால் சோதித்துப் பார்க்க வேண்டியவை அல்ல. நாடி இரைச்சலுக்கு ரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். ஒரு பக்க இரைச்சலோடு அந்தக் காதில் செவித்திறனும் குறைந்திருந்தால், செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

ஜிங்கோ பைலோபாதானே எல்லோரும் முதலில் சொல்வது?

ஆம். மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டதும் இதுதான். ஐரோப்பாவில் 24 விழுக்காடு ஃப்ளேவோன் கிளைகோசைடும் 6 விழுக்காடு டெர்பீன் லாக்டோனும் உள்ள செறிவூட்டிய இலைச்சாறாக, நாளைக்கு 120 முதல் 240 மி.கி. வரை கொடுக்கிறார்கள். நுண் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்பது வாதம்.

2001-ல் பிரிட்டனில் ட்ரூ, டேவிஸ் இருவரும் 1,121 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 50 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை, 12 வாரம் தந்து பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2022-ல் 12 ஆய்வுகளை, மொத்தம் 1,915 பேரைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலனுக்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. இதன்பிறகும் ஜிங்கோவைப் 'பக்க விளைவில்லாத இயற்கை மருந்து' என்று தருவது நியாயமில்லை. ஏனென்றால் பக்க விளைவு உண்டு.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டலாம். வலிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். ஜிங்கோ விதையை இலைக்குப் பதிலாகப் பயன்படுத்தவே கூடாது; அதில் வலிப்பு வரவழைக்கும் நச்சு இருக்கிறது. கலப்படமும் அதிகம். ருட்டின், குவெர்செட்டின் போன்ற மலிவான பொருளைக் கலந்து ஃப்ளேவோன் விழுக்காட்டை எட்டவைப்பது பழைய தந்திரம்.

மருத்துவரே பிராசிட்டம் எழுதிக் கொடுத்தார். வேண்டாமா?

இந்தியாவில் காதிரைச்சல் சீட்டில் பிராசிட்டம், பீட்டாஹிஸ்டின், கரோவெரின், மெத்தில்கோபாலமின், ஜிங்கோ ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வருவது வழக்கம். பீட்டாஹிஸ்டின் தலைசுற்றல் உள்ள மெனியர் என்ற உள்காது நோய்க்காகத் தரப்படுவது. தனிக் காதிரைச்சலுக்கு அது பயனளிப்பதாக 2018-ன் காக்ரேன் மதிப்பீட்டில் தெரியவரவில்லை.

பிராசிட்டத்தில் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். அது கிட்டத்தட்ட மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. கிரியாட்டினின் கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். முற்றிய சிறுநீரக நோயில் தரவே கூடாது. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதையும் குறைப்பதால், ரத்த மெலிவு மருந்தோடு சேர்த்தால் கசிவு ஆபத்து. சிலருக்குப் படபடப்பு, தூக்கமின்மை, எடை கூடுதல் வரும். இரவில் தூங்க முடியாமல் தவிக்கும் ஒருவர் மாலை ஏழு மணிக்கு மேல் பிராசிட்டம் போட்டால் இரவு இன்னும் நீளும்.

மருத்துவரிடம் எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: இது எதற்காக, எத்தனை வாரம், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவது. முடிவுத் தேதி இல்லாத சீட்டுதான் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

பிரமி என்றால் வல்லாரையா?

தமிழ்நாட்டில் வல்லாரை என்பது குளம்பு வடிவில் விளிம்பு அரம்போன்ற இலையுள்ள கீரை, துவையல் அரைப்போம். நீர்ப்பிரமி வேறு செடி. ஈர நிலத்தில் படரும், சின்னச் சதைப்பிடிப்பான இலை, வெளிறிய சிறு பூ. வடநாட்டில் சில இடங்களில் வல்லாரையையே பிரமி என்பதால், 'பிரமி' என்று மட்டும் எழுதிய புட்டியில் எது இருக்கிறது என்று தெரியாது. அட்டையில் பக்கோபா மொன்னியேரி என்ற தாவரப் பெயர் இருந்தால் நீர்ப்பிரமி, சென்டெல்லா ஏசியாட்டிகா என்றிருந்தால் வல்லாரை.

நினைவாற்றல் ஆய்வுகளில் நீர்ப்பிரமிச் சாறு நாளைக்கு 300 மி.கி. அளவில், 12 வாரம் வரை தரப்பட்டது. காதிரைச்சலுக்கு அதைத் தனியே நிறுத்திச் சோதித்த நல்ல ஆய்வு கிடையாது. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டல், வயிற்றுப் பிசைவு, பேதி வரும். சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். வல்லாரைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் காதுக்கு மருந்தென்று அல்ல.

அமுக்கரா (அஸ்வகந்தா), லயன்ஸ் மேன் காளான்?

காதுக்கு எதிலும் சான்று இல்லை. அமுக்கரா சிலருக்குத் தூக்கத்தைச் சற்று மேம்படுத்தும். ஆனால் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன, தைராய்டு மருந்து எடுப்பவர்களின் அளவையும் குலைக்கும். கண்ணும் சிறுநீரும் மஞ்சளானால் உடனே நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

பி12, துத்தநாகம், மெக்னீசியம் எடுத்தால் நல்லதுதானே?

குறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் வீண், அளவு மீறினால் கெடுதல்.

பி12 மூன்றிலும் முக்கியமானது. சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போடுபவர்கள் ஆகியோருக்குக் குறை வர வாய்ப்பு அதிகம். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. 2016-ல் இந்தியாவில் 40 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில் வாரம் ஒரு பி12 ஊசி வீதம் ஆறு வாரம் போட்டார்கள். குறைபாடு இருந்தவர்களுக்கு மட்டுமே முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனால் குறைபாட்டைச் சரிசெய்வது நரம்புக்கும் ரத்தத்துக்கும் எப்படியும் தேவை என்பதால் இங்கே தயங்க வேண்டியதில்லை.

துத்தநாகத்துக்கு நாளைக்கு 40 மி.கி. மேல் எல்லை. 50 மி.கி. மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் செம்புச் சத்து குறைந்து ரத்த சோகையும் கால் மரத்துப்போதலும் வரும்.

மெக்னீசியத்தில் அட்டையின் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெக்னீசியம் கிளைசினேட் 1,000 மி.கி. என்றால் அதில் உண்மையான மெக்னீசியம் 140 மி.கி. அளவுதான். 'எலிமென்டல்' என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கிட வேண்டும். மாத்திரையாக 350 மி.கி.க்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு. சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் கூடாது.

இன்னொன்று பி6. 'நரம்புச் சத்து' கேப்சூல், மல்டிவைட்டமின், மூளை மாத்திரை மூன்றிலும் இது ஒளிந்திருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இதன் எல்லையை நாளைக்கு 12 மி.கி. ஆகக் குறைத்தது. அதிக அளவு நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுத்துப் பாதத்தில் எரிச்சலைக் கொண்டுவரும்.

ஃபெனிபட், வின்போசெட்டின், மொடாஃபினில் பற்றி?

ஃபெனிபட் வேண்டாம். சோவியத் ஒன்றியத்தில் உருவான பதற்ற மருந்து அது. முதல் சில நாள் இரைச்சல் மறந்தே போனதுபோல் இருக்கும். அதனால்தான் பலர் சிக்குகிறார்கள். உடல் வேகமாகப் பழகிவிடும். நிறுத்தும்போது தூக்கமின்மை, நடுக்கம், பயங்கரப் பதற்றம் வரும். இரைச்சல் முன்பைவிட மோசமாகத் தெரியும். ஏற்கெனவே தினமும் எடுப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல் மனநல மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வின்போசெட்டின் கருச்சிதைவை உண்டாக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2019-ல் எச்சரித்தது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்கள் தவிர்க்க வேண்டும். மொடாஃபினில் விழிப்பைக் கூட்டும் மருந்து. தலைவலி, பதற்றம், தூக்கக் கேடு அதன் வழக்கமான விளைவுகள். இந்த மூன்றுமே காதிரைச்சலை மோசமாக்கக்கூடியவை.

"எனக்குக் குறைந்தது" என்று பலர் சொல்கிறார்களே, அவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை. காதிரைச்சல் தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் புது மாத்திரையைத் தொடங்குவோம். அடுத்த வாரம் இயல்பாக இறங்கினாலும் பெயர் மாத்திரைக்குப் போகும். ஏதோ செய்கிறோம் என்ற தெம்பும் கவனத்தை விலக்கும். 53 நாடுகளைச் சேர்ந்த 1,788 பேரிடம் கேட்ட ஒரு கணக்கெடுப்பு 2016-ல் வெளியானது. அவர்களில் துணை மாத்திரை எடுத்தவர்களில் 70.7 விழுக்காட்டினருக்கு எந்த மாற்றமும் இல்லை. 19 விழுக்காட்டினர் குறைந்தது என்றார்கள், 10.3 விழுக்காட்டினர் கூடியது என்றார்கள். கூடியவர்கள் விளம்பரத்தில் வருவதில்லை.

எல்லாம் புரிகிறது. ஆனாலும் ஒன்றை முயன்று பார்க்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது?

செய்வதென்றால் உங்களையே ஏமாற்றாத வகையில் செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரம் மாத்திரை கிடையாது, குறிப்பு மட்டும். தினமும் இரவு ஒரே நேரத்தில், ஒரே அறையில், இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதுங்கள்: சத்தம் எவ்வளவு (0 முதல் 10), தொந்தரவு எவ்வளவு (0 முதல் 10). இரண்டும் ஒன்றல்ல. சத்தம் 7 ஆகவே இருந்து தொந்தரவு 8-லிருந்து 3-க்கு வந்தால் அது பெரிய வெற்றி. பக்கத்தில் தூங்கிய மணி நேரம், காபி எத்தனை, பட்டாசு, மேளம், திருமண ஸ்பீக்கர் போன்ற பேரிரைச்சல், காய்ச்சல் சளி ஆகியவற்றையும் குறியுங்கள். நாளுக்கு ஒரு முறைக்கு மேல் அளக்காதீர்கள். மணிக்கு மணி காதைக் கூர்ந்து கேட்பதே இரைச்சலை மூளையில் ஆழப் பதிக்கும்.

தொடக்கத்திலும் முடிவிலும் காதிரைச்சல் பாதிப்பு அளவுகோல் என்ற 25 கேள்விப் படிவத்தை நிரப்புங்கள். 'ஆம்' என்றால் 4, 'சில நேரம்' என்றால் 2, 'இல்லை' என்றால் 0, மொத்தம் 100. குறைந்தது 7 புள்ளி இறங்கினால்தான் மாற்றம் என்று எண்ணலாம்.

பிறகு ஒரே ஒரு பொருள். பத்துச் சரக்கு கலந்த 'ஸ்டாக்' வேண்டாம்; கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது. அட்டையில் சொன்ன அளவில் பாதியை முதல் வாரம், ஒவ்வாமை இல்லையென்றால் முழு அளவு. காபி, தூக்க நேரம், மற்ற மருந்து எதையும் அந்தக் காலத்தில் மாற்றாதீர்கள். 8 முதல் 12 வாரத்தில் நிறுத்தி, மூன்று வாரம் இடைவெளி விட்டுப் பாருங்கள். எடுக்கும்போது இறங்கி, விட்டதும் ஏறி, மறுபடி எடுக்கும்போது மறுபடி இறங்கினால் மட்டுமே அதற்கு ஒரு பங்கு உண்டு என்று நம்பலாம்.

இன்னும் கறாராகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஒருவர் உள்ளே தெரியாத வெற்றுக் கேப்சூல்களில் ஒரு புட்டிக்கு மருந்துப் பொடியும் இன்னொன்றுக்கு அரிசி மாவும் நிரப்பி, எது எதென்று தன்னிடம் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரண்டையும் ஆறாறு வாரம் எடுத்து முடித்த பிறகு சீட்டைப் பிரியுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் பொடிக்கக் கூடாது.

மாத்திரை தொடங்கிய நாலாம் நாளே இரைச்சல் கூடிவிட்டது. நிரந்தரமாகிவிடுமா?

நிறுத்துங்கள். இப்படிக் கூடுவதற்குப் பெரும்பாலும் தூக்கக் கேடு, படபடப்பு, ரத்த அழுத்தம் ஏறுவது, மாத்திரைக்குள் இருக்கும் காஃபீன் ஆகியவைதான் காரணம். நிறுத்திய சில நாள் முதல் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வருவது வழக்கம். இதைச் சமாளிக்க இன்னொரு மாத்திரையைத் தேடாதீர்கள். சங்கிலி அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வாரத்தில் இறங்கவில்லை என்றாலோ செவித்திறனும் குறைந்ததாகத் தோன்றினாலோ ஆடியோகிராம் எடுங்கள்.

காஃபீனைப் பற்றி ஒரு வார்த்தை. காபியை விட்டால் இரைச்சல் குறையும் என்பதற்குச் சான்று இல்லை. சட்டென்று விட்டால் தலைவலியும் எரிச்சலும்தான் வரும். மாலை நாலுக்கு மேல் வேண்டாம், அவ்வளவே.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் துணை உணவாக விற்பதென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க உரிம எண் அட்டையில் இருக்க வேண்டும். அது உற்பத்தியாளருக்கான உரிமம்தானே தவிர, காதிரைச்சல் தீரும் என்பதற்கான சான்று அல்ல. 'தனியுரிமைக் கலவை 1,500 மி.கி.' என்று மொத்தமாக மட்டும் எழுதி, ஒவ்வொரு பொருளின் அளவையும் மறைப்பதை வாங்காதீர்கள். பிராசிட்டம், மொடாஃபினில் போன்றவற்றைச் சீட்டில்லாமல் துணை உணவாக விற்பவரிடம் எதையுமே வாங்காதீர்கள். அமெரிக்காவில் 10 மூளைத் துணை மாத்திரைகளைப் பரிசோதித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஒப்புதல் பெறாத ஐந்து மருந்துகள் அவற்றில் இருந்தது தெரியவந்தது. ஃபெனிபட்டும் வின்போசெட்டினும் அந்த ஐந்தில் அடக்கம்.

மாத்திரை இல்லையென்றால் வேறு எதுதான் உதவும்?

செவித்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி. விட்டுப்போன ஒலிகள் திரும்ப உள்ளே வரும்போது மூளை தன் உணர்திறனை இறக்க வாய்ப்பு கிடைக்கிறது. "இவ்வளவு சின்னக் குறைக்கு மெஷினா" என்று கூச்சப்படுபவர்களுக்குத்தான் பல நேரம் இது அதிகம் உதவுகிறது. ஒரு மாதமாவது வாடகைக்கோ சோதனைக்கோ போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

அடுத்தது பின்னணி ஒலி. முழு அமைதியில் படுக்காதீர்கள். மின்விசிறி, மழைச் சத்தம், மெல்லிய இசை எதுவாக இருந்தாலும் சரி. அளவு முக்கியம்: இரைச்சலை முழுசாக மூழ்கடிக்காமல், அதைவிட ஒரு படி குறைவாக வையுங்கள். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். பயந்துபோய் நாள் முழுக்கக் காதில் பஞ்சும் அடைப்பானும் வைப்பது நேர்மாறான பலனைத் தரும். 85 டெசிபலுக்கு மேலான இடத்தில் மட்டும் அடைப்பான் போடுங்கள். 85-ல் எட்டு மணி நேரம் எல்லை என்றால் 88-ல் நான்கு, 91-ல் இரண்டு.

மூன்றாவது, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. "இது நிற்காவிட்டால் என் வாழ்க்கை முடிந்தது" என்பது போன்ற எண்ணங்களைப் பிடித்து, ஆராய்ந்து, மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை அது. 2020-ன் காக்ரேன் மதிப்பீடு 28 ஆய்வுகளையும் 2,733 பேரையும் பார்த்து, இரைச்சலால் வாழ்க்கை கெடும் அளவை இது குறைக்கக்கூடும் என்றது. சத்தத்தைக் குறைப்பதில்லை, துன்பத்தைக் குறைக்கிறது. எந்த நூட்ரோபிக்கும் எட்டாத இடம் இது. ஆனால் இதற்குச் செலவழிக்கத் தயங்கும் நம் வீடுகள் மாத்திரைக்குத் தயங்குவதில்லை என்பது வருத்தமான உண்மை.

புதிதாக வந்திருப்பது லெனைர் என்ற கருவி. காதில் ஒலியும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் சேர்த்துத் தருவது. எஃப்.டி.ஏ. 2023 மார்ச்சில் அனுமதித்தது.

தூக்கமே இல்லை. மெலடோனின் போடலாமா?

குறுகிய காலத்துக்கு, மருத்துவரிடம் கேட்டு, படுக்கைக்குச் சற்று முன் 3 மி.கி. வரை. காதிரைச்சலுக்கு அல்ல, தூக்கத்துக்கு. எழும் நேரத்தை ஞாயிறு உட்பட மாற்றாமல் வைப்பதும், படுக்கையில் இருபது நிமிடம் புரண்டால் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்து தூக்கம் வந்தபின் திரும்புவதும் மாத்திரையைவிட நெடுநாள் நிற்கும்.

சில இரவுகளில் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை.

இரைச்சல் கூடும் காலத்தில் இந்த எண்ணம் பலருக்கு வருகிறது, பேசினால் தணிகிறது. இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம். அன்றிரவே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இரைச்சலின் பாரமும் சேர்ந்து குறைவதைக் காண்கிறோம். அந்தச் சிகிச்சையை 'பைத்தியத்துக்கு மருந்து' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பழைய, புதிய ஆடியோகிராம்கள். இரண்டு வாரக் குறிப்பு. எடுக்கும் எல்லாவற்றின் அட்டைகளும்; நாட்டு மருந்துப் பொடி, ஜிம் பவுடர், இணையத்தில் வாங்கிய கேப்சூல் உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே. இரைச்சல் எந்தக் காதில், எப்போது கூடியது, அதற்கு முந்தைய மாதத்தில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த நான்கு வரியை முதலிலேயே நீட்டிவிடுங்கள்.